கதவை விடு, விமானத்தைப் பிடி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள செனாய் விமான நிலையத்தில் பிற்பகல் வேளையில் பைப்பர் வாரியர் போன்ற சிறு விமானம் ஒன்று ஓடுபாதையை நோக்கி உருண்டு போகும்போது அதன் வலது பக்கக் கதவைப் பாருங்கள். பல சமயம் அது ஒரு சாண் அளவு திறந்தே இருக்கும். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியே 33 டிகிரி வெயில். உள்ளே முன்னாலும் இரு பக்கமும் கண்ணாடி. குளிர்சாதனம் கிடையாது. இறக்கை காலுக்குக் கீழே இருப்பதால் அதன் நிழலும் கிடையாது. விமானியின் இடது தோளருகே சின்னதாக ஒரு சன்னல். திறக்க முடிந்தது அது ஒன்றுதான். காற்றுத் துளைகள் உண்டு, ஆனால் விமானம் வேகமெடுத்தால்தான் அவை மூச்சு விடும். ஆகவே புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்றைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளக் கதவைத் திறந்து பிடித்தபடி போகிறார்கள். வெப்ப நாடுகளில் பைப்பர் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன காரியம்.

அந்தக் கதவைக் கடைசியில் சரியாகத் தாழிட மறந்துபோனால் என்ன ஆகும் என்பதும், அதற்காகக் கற்றுத்தரப்படும் பாடம் எவ்வளவு தூரம் உதவும் என்பதும்தான் இங்கே கேள்வி.

பைப்பர் பிஏ-28 குடும்பத்தில் செரோக்கி, வாரியர், ஆர்ச்சர் எல்லாம் அடக்கம். 1960களின் தொடக்கத்திலிருந்து 30,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். அத்தனையிலும் ஆள் ஏறி இறங்கக் கதவு ஒன்றே ஒன்று: வலது பக்கம், இறக்கைக்கு மேலே. அதற்குத் தாழ்ப்பாள் இரண்டு. கைத்தாங்கியை ஒட்டி முதன்மைத் தாழ்ப்பாள், கூரையோரம் இன்னொன்று. மறக்கப்படுவது பெரும்பாலும் மேலே இருப்பது. தரையில் மெதுவாகப் போகும்வரை குறை தெரியாது. வேகம் கூடி, மூக்கு எழும்பி, சக்கரம் தரையை விட்ட சிறிது நேரத்தில் டமார் என்று ஒரு சத்தம். கதவின் மேல் விளிம்பு வெளியே பிதுங்கி நிற்கும். இரைச்சல் ஹெட்செட்டையும் மீறிக் காதில் அறையும். பின் இருக்கையில் கிடந்த தாள்கள் எழும்பிப் பறக்கும். யாரும் உட்காராத இருக்கையின் பட்டை நுனி கதவிடுக்கில் வெளியே தொங்கினால் அது அலுமினியத் தகட்டில் படபடவென்று அடிக்கத் தொடங்கும். எஞ்சின்தான் உடைந்து சிதறுகிறது என்று பதறிப்போய்த் தரையிறங்கி, கடைசியில் வெறும் பட்டை என்று கண்டுபிடித்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு.

இந்த நொடிக்கென்று பயிற்சிப் பள்ளிகள் வைத்திருக்கும் விதி சுருக்கமானது. கதவை விடு, விமானத்தைப் பிடி. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிடும் 'ஏர்பிளேன் ஃபிளையிங் ஹேண்ட்புக்' என்ற பயிற்சி நூலில், அவசர நிலைகள் பற்றிய அத்தியாயத்தில் இது விரிவாக இருக்கிறது. விமானத்தை ஓட்டுவதில் மட்டும் கவனம் வை, பட்டையைக் கழற்றிக் கதவை எட்டாதே, அவசரப்பட்டுத் தரையிறங்காதே, இறங்குவதற்கான சோதனைப் பட்டியலை ஒன்று விடாமல் முடி, கீழே வந்து நின்ற பிறகு கதவை மூடு. திறந்த கதவு விபத்தை உண்டாக்குவது அநேகமாக இல்லை, அதில் சிக்கிப்போகும் விமானியின் கவனமே உண்டாக்குகிறது என்று அந்த நூல் முடிவாகச் சொல்கிறது. மலேசியப் பயிற்றுநர்கள் வாயிலும் இதே பாடம்தான்.

இந்த விதியின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பொதுமக்கள் மனத்தில் இருக்கும் பயத்துக்கு நேர் எதிராக அது பேசுகிறது. வானில் கதவு திறந்தால் ஆள் வெளியே உறிஞ்சப்படுவார், விமானம் பிளந்துவிடும் என்பது நம் மனத்தில் பதிந்த படம். அது பொய்யான படமும் அல்ல. 1974 மார்ச் 3 அன்று பாரிஸ் அருகே துருக்கி ஏர்லைன்ஸின் டிசி-10 விமானத்தின் சரக்குக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. உள்ளிருந்த காற்றழுத்தம் ஒரே வீச்சில் வெளியேறியதில் பயணிகள் தளம் இடிந்து, அதற்குள் ஓடிய கட்டுப்பாட்டுக் கம்பிகள் அறுந்தன. 346 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில் கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை சுமார் 15,000 அடி உயரத்தில் கழன்று போனது. அந்தக் காணொளியை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்தோம்.

இவை எல்லாம் காற்றழுத்தம் ஏற்றப்பட்ட விமானங்கள். பெரிய ஜெட் ஒன்று உயரத்தில் பறக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வேறுபாடு ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 8 பவுண்ட். வாரியரில் அந்த வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். கீல் கதவின் முன்பக்கம் இருக்கிறது. ஆகவே எதிர்க்காற்று கதவைச் சாத்தப் பார்க்கிறது. உடற்பகுதியின் வளைவில் வழுக்கி ஓடும் காற்றின் தாழ்ந்த அழுத்தம் அதை வெளியே இழுக்கப் பார்க்கிறது. இரண்டும் ஓரிடத்தில் சமனாகி, கதவு சில அங்குலம் திறந்தபடி நிற்கும். அதற்குமேல் போகாது. பட்டை கட்டியிருப்பவர் விழ வழியே இல்லை. பைப்பர் கையேடே இப்படிப் பகுதி திறந்த கதவு பறக்கும் இயல்பைப் பாதிக்காது, கதவு திறந்தபடியே வழக்கம்போல் தரையிறங்கலாம் என்று எழுதியிருக்கிறது. வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

ஆக, இயந்திரம் பறந்துகொண்டே இருக்கிறது, தடுமாறுவது மனிதர். எப்படித் தடுமாறுகிறார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இடது இருக்கையில் இருப்பவர் சத்தம் கேட்டதும் வலப்பக்கம் திரும்புகிறார். வலது கை எஞ்சின் விசைப்பிடியை விட்டுவிட்டுக் கதவை நோக்கி நீள்கிறது. உடல் சாய்கிறது. இடது கை மட்டும் சுக்கானைப் பிடித்திருக்கிறது. சாயும் உடலோடு அதுவும் தன்னையறியாமல் இழுக்கிறது. மூக்கு உயர்கிறது. ஏறிக்கொண்டிருந்த விமானத்தின் வேகம் 79 நாட் அளவிலிருந்து 70-க்கு, 65-க்கு இறங்குகிறது. தரை இன்னும் 300 அடிதான் கீழே. வாரியர் நேராகப் பறக்கும்போது 50 நாட் அளவில் இறக்கை தூக்குவிசையை இழக்கும். 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் அந்த எல்லை 70-ஐத் தொட்டுவிடும். "உடனே திரும்பி இறங்கிவிடலாம்" என்று ஒருவர் செங்குத்தாகத் திருப்பும் இடம் இதுதான். கதவு அந்த நேரத்தில் யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

சின்ன விஷயத்தில் எல்லாக் கண்களும் போய்விடும் இந்த நோய் சிறு விமானத்துக்கு மட்டும் உரியதல்ல. 1972 டிசம்பர் 29 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 மயாமிக்கு அருகே சதுப்பு நிலத்தில் விழுந்தது. முன்சக்கர விளக்கு ஒன்று எரியவில்லை. விமானி அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அதில் மூழ்கியிருக்க, தானியங்கி விலகி விமானம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. 101 பேர் இறந்தார்கள். பழுதானது ஒரு பல்பு. அனுபவம் முதிர்ந்த குழுவுக்கே இந்த நிலை என்றால், தன்னந்தனியாக மூன்றாவது முறை பறக்கும் மாணவருக்குக் காதருகே டமார் என்று வெடிக்கும் கதவு எப்படி இருக்கும்? கதவை விடு என்ற விதி இந்த இடத்தில்தான் உயிர் காக்கிறது. செய்ய வேண்டியதைச் சொல்வதைவிட, செய்யத் துடிக்கும் கையைத் தடுப்பதுதான் அதன் முதல் வேலை. இந்த அளவில் அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறைகள் அதன் ஓரங்களில் இருக்கின்றன. அவற்றைப் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் பேசாமல் கடந்துவிடுகின்றன.

முதலாவது, விமானம் செய்தவர்களே ஒரே குரலில் பேசவில்லை. செஸ்னா 172-இன் கையேடு, கதவு தானாகத் திறந்துகொண்டால் தரையிறங்க வேண்டிய தேவையே இல்லை என்கிறது. சுமார் 75 நாட் வேகத்தில் விமானத்தைச் சமனாக நிறுத்தி, கதவைச் சற்றே வெளியே தள்ளி, ஓங்கிச் சாத்திப் பூட்டிவிடச் சொல்கிறது. பைப்பர் கையேடு தரையிறங்கலாம் என்று சொல்லிவிட்டு, மூட விரும்பினால் எப்படி என்று ஒரு வரிசையும் தருகிறது: வேகத்தை 90 நாட் அளவுக்குக் குறை, காற்றுத் துளைகளை மூடு, சின்னச் சன்னலைத் திற, பிறகு தாழ்ப்பாளைப் போடு. இதில் நுட்பம் இருக்கிறது. காற்றுத் துளைகள் உள்ளே காற்றைத் திணித்துக் கதவை வெளியே தள்ளுகின்றன. சன்னலைத் திறந்தால் அந்தக் காற்று வெளியேற வழி கிடைத்துக் கதவின் மேலுள்ள அழுத்தம் இறங்குகிறது. பீச்கிராஃப்ட் பொனான்சா ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லப்படுவதோ வேறு: வானில் மூட முயலவே வேண்டாம், திரும்பி வந்து இறங்கு. மூன்று நிறுவனங்கள், மூன்று அறிவுரைகள். அவரவர் கதவுக்கு அவை சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரே ஆண்டில் செஸ்னாவிலும் பைப்பரிலும் மாறி மாறிப் பறக்கும் பறத்தல் மன்ற உறுப்பினர் எதை நினைவில் வைப்பார்?

இதைவிட விநோதம் ஒன்று உண்டு. விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிடும் உத்தியைக் கதவு மூடப் பயன்படுத்தலாம் என்று பைப்பர் கையேடும் எஃப்ஏஏ நூலும் சொல்கின்றன. திறந்த கதவின் பக்கம் சறுக்கினால் தாழிட உதவும் என்கிறது பைப்பர். கதவின் பக்கம் சறுக்கினால் அது இன்னும் அகலத் திறக்கலாம், எதிர்ப்பக்கம் சறுக்கினால்தான் சாத்திக்கொள்ளும் என்கிறது எஃப்ஏஏ. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மாணவர் தலையைச் சொறிய வேண்டியதுதான். தாழ்வான உயரத்தில், இரைச்சலுக்கு நடுவே, எந்தப் பக்கம் சறுக்குவது என்று யோசிப்பதே ஆபத்து என்பது என் எண்ணம். இந்த முரண்பாடே "கதவை விடு" என்ற சுருக்கமான விதிக்கு வலுச் சேர்க்கிறது. ஆயினும் பயிற்சிக் கூடத்தில் இரண்டையும் எடுத்து வைத்துப் பேசினால் மாணவருக்கு ஒரு விஷயம் புரியும்: தான் ஓட்டும் விமானத்தின் கையேடுதான் முதலில், பொது நூல் அதற்குப் பிறகு.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. பைப்பரின் வரிசை வலது இருக்கையில் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லாமல் எடுத்துக்கொள்கிறது. கதவு அந்தப் பக்கம்தானே. பயிற்சியின்போது அந்த இருக்கையில் இருப்பவர் பயிற்றுநர். வெயிலுக்காகக் கதவைத் திறந்து பிடித்திருப்பது அவர் கை. ஓடுபாதை வாசலில் அதைச் சாத்துவதும், மேல் தாழ்ப்பாளைத் திருப்புவதும் அவர் கை. மாணவர் "கதவு, பூட்டியாயிற்று" என்று பட்டியலைப் படிக்கிறார். அவர் கை கதவைத் தொட்டதே இல்லை. பல மணி நேரம் இப்படியே போகிறது. பிறகு ஒருநாள் பயிற்றுநர் இறங்கிக்கொண்டு, "நீங்க ஒரு ரவுண்டு தனியா போய்ட்டு வாங்க தம்பி" என்கிறார். மாணவரின் வாழ்க்கையில் மறக்க முடியாத அந்த முதல் தனிப்பறப்பில்தான், காலியான இருக்கையைத் தாண்டி எட்டி, அந்த மேல் தாழ்ப்பாளை அவர் தன் கையால் முதன்முறையாகத் திருப்புகிறார். அது முழுதாகத் திரும்பியதா, பாதியில் நின்றதா என்பதை உணரக் கைக்கு எந்தப் பழக்கமும் இல்லை. அது திறந்துகொண்டால் மூடவும் வழியில்லை. தோள் வழியே போகும் பட்டையைக் கழற்றாமல் எட்டாது, கழற்றக் கூடாது என்பது விதி. தனியாகப் பறப்பவருக்குக் கையேட்டின் மூடும் வரிசை வெறும் எழுத்துதான். இதை அவருக்கு முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: தம்பி, தனியாக இருக்கும்போது கதவு திறந்தால் அது திறந்தபடியேதான் இருக்கும், அப்படியே ஒரு வட்டம் அடித்து இறங்குங்கள்.

மூன்றாவது, அவசரப்பட்டு இறங்காதே என்ற பகுதி. பொதுவாக நல்ல அறிவுரை. செனாயில் அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. செனாயின் ஓடுபாதை 3,800 மீட்டர். பெரிய ஜெட்டுகளுக்காகப் போட்டது. வாரியர் சில நூறு மீட்டரில் தரையை விட்டு எழுந்துவிடும். தொடக்கத்திலிருந்தே ஓடியிருந்தால், எழுந்து 15 நொடி கழித்துக் கதவு வெடித்தாலும் மாணவர் ஏறத்தாழ 150 அடி உயரத்தில் இருப்பார். முன்னால் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுபாதை மிச்சம் இருக்கும். எஞ்சினைத் தணித்து, மூக்கைத் தாழ்த்தி, நேராக இறங்கி நிறுத்த அது தாராளம். திருப்பம் இல்லை, வேகம் குறையும் ஆபத்து இல்லை, பின்னால் வரும் ஏ320 போன்ற ஜெட்டுகளுக்கு நடுவே வட்டமடித்து இடம் தேட வேண்டியதும் இல்லை. அந்த உயரத்தில் "பதறாமல் வட்டமடி" என்ற பாடப்புத்தக வரியை அப்படியே பின்பற்றுகிறவர் எளிதான வழியை விட்டுக் கடினமான வழிக்குப் போகிறார்.

அதே மாணவர் பின்னாளில் தியோமான் தீவுக்குப் பறந்தால் கணக்கு தலைகீழ். அங்கே ஓடுபாதை ஆயிரம் மீட்டர்கூட இல்லை, ஒரு முனையில் மலை. எழுந்த பிறகு முன்னால் இறங்க இடம் கிடையாது. கதவு திறந்தாலும் ஏறத்தான் வேண்டும், கடலுக்கு மேல் போய்த்தான் யோசிக்க வேண்டும். ஆகவே எந்த உயரம் வரை நேராக இறங்குவது, எதற்குமேல் வட்டமடிப்பது என்பதை ஓடுபாதைக்கு ஓடுபாதை, எஞ்சினைக் கூட்டும் முன்னரே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று இப்படிச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கதவையும் அதே வாக்கியத்தில் சேர்த்துக்கொள்ள எத்தனை நொடி ஆகும்?

வெப்பம் இங்கே இன்னொரு வகையிலும் குறுக்கே வருகிறது. செனாய் கடல் மட்டத்திலிருந்து 135 அடிதான் உயரம். ஆனால் 33 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்று, விமானத்தின் கணக்குப்படி, 2,300 அடி உயரத்துக் காற்றைப்போல் மெலிந்திருக்கும். ஈரப்பதம் அதை இன்னும் மெலிதாக்கும். 160 குதிரைத்திறன் எஞ்சின், இரண்டு ஆள், நிறைந்த பெட்ரோல், மெலிந்த காற்று; அதன்மேல் திறந்த கதவின் இழுவை. ஏறும் வேகம் ஏற்கெனவே குளிர்ந்த காற்றில் இருப்பதைவிடக் குறைவு. "பறக்கும் இயல்பு பாதிக்காது" என்ற வரி குளிர்நாட்டு விமான நிலையத்தில் ஒருவருக்குத் தரும் இடைவெளியை ஜொகூர் பிற்பகல் தராது. பாடம் தவறில்லை, அதன் ஓரத்தில் விட்டுவைத்த இடம் இங்கே சின்னது. பிற்பகல் இடிமழை வேறு. கதவு திறந்திருக்க மழைக்குள் நுழைவது எவ்வளவு தொல்லை என்று விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, எல்லாக் கதவும் கதவல்ல. ஜொகூர் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் சிலேத்தாரில் சிங்கப்பூரின் இளையர் பறத்தல் மன்றம் முன்பு பைப்பர் வாரியர் வைத்திருந்தது. பிறகு டைமண்ட் டிஏ40-க்கு மாறியது. டிஏ40-இல் முன்னிருப்பவர்களுக்குப் பக்கக் கதவே இல்லை, தலைக்கு மேல் முன்னோக்கித் தூக்கும் கண்ணாடிக் கூடு. பின்னிருக்கைக்கு மேல்நோக்கித் திறக்கும் கதவு ஒன்று. அந்தப் பின்கதவு வானில் கழன்று போன சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. அது சரியாகப் பூட்டவில்லை என்று வானில் தெரிந்தால் பூட்ட முயலவே கூடாது, முயன்றால் கதவே பிய்ந்து போகலாம் என்று அதன் கையேடு எச்சரிக்கிறது. இரட்டை எஞ்சின் பைப்பர்களில் மூக்கில் உள்ள சாமான் கதவு இன்னொரு ரகம். அது திறந்தால் உள்ளிருக்கும் பை புரொப்பெல்லரில் போய் மோதலாம். வாரியரில் "ஒன்றும் ஆகாது" என்று பழகிய மனம் இந்த விமானங்களுக்கு மாறும்போது, பழைய நிம்மதியையும் கூடவே கொண்டுபோகும். கதவை விடு என்ற விதி இங்கேயும் பொருந்தும். ஆனால் "அது ஒன்றும் செய்யாது" என்ற அதன் அடிக்காரணம் பொருந்தாது. காரணம் தெரியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை.

இந்தக் குறைகளுக்கெல்லாம் அடியில் கிடப்பதாக நான் நினைப்பது ஐந்தாவது. விதி, கதவு திறந்த பிறகுதான் தொடங்குகிறது. கதவு ஏன் திறக்கிறது என்பதைச் சோதனைப் பட்டியலிடம் விட்டுவிடுகிறது. பட்டியலோ அந்த வேலையைச் செய்கிறது, பிறகு அது கலைக்கப்படுகிறது. எப்படி? புறப்படும் முன் எஞ்சினைச் சோதிக்கும் இடத்தில் "கதவுகள், தாழிட்டது" என்ற வரி வருகிறது. மாணவர் தாழிடுகிறார், படிக்கிறார், முடிக்கிறார். பிறகு ஓடுபாதை வாசலுக்கு வருகிறார். ஒரு ஏர்ஏஷியா இறங்க வருகிறது, இன்னொன்று புறப்படக் காத்திருக்கிறது. கட்டுப்பாட்டு டவர் காத்திருக்கச் சொல்கிறது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடியில் ஆவி படிகிறது. கதவை மறுபடி திறக்கிறார்கள். அப்போது திடீரென்று டவரிலிருந்து குரல்: உடனே புறப்படு. அவசரமாகக் கதவை இழுக்கிறார்கள், கீழ்த் தாழ்ப்பாள் க்ளிக் என்று விழுகிறது, மேலே இருப்பது நினைவுக்கு வருவதில்லை. பட்டியலைப் பொறுத்தவரை கதவு எப்போதோ பூட்டியாயிற்று.

பட்டியலை எழுதியவர்கள் இப்படி ஒரு காத்திருப்பை எண்ணிப் பார்க்கவில்லை போலும். கதவை ஒருமுறை சாத்தினால் அது சாத்தியே இருக்கும் என்று நினைத்து எழுதியது. நம் வெயிலில் அந்த நினைப்பு நிற்காது. வெயிலில் கதவைத் திறக்காதே என்று சட்டம் போடுவதும் வீண். வியர்த்துக் கிறங்கிய விமானி கதவு திறந்த விமானியைவிடப் பாதுகாப்பானவர் என்று யாரும் நிரூபிக்க முடியாது. திறந்துகொள்ளட்டும். ஆனால் ஓடுபாதைக்குள் நுழையும் கணத்தில், டவர் அனுமதி தந்த பிறகு, கடைசியாக ஒரு சோதனை வேண்டும்: மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், இரண்டையும் கையால் தொட்டு, கதவைத் தோளால் ஒருமுறை தள்ளிப் பார்ப்பது. கண்ணால் பார்ப்பது போதாது; பாதி திரும்பிய தாழ்ப்பாள் கண்ணுக்குப் பூட்டியதுபோலவே தெரியும்.

இந்த நிகழ்வுகள் ஏன் ஒழுங்காகக் கணக்கில் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலேசியப் போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு விபத்துகளையும் தீவிரச் சம்பவங்களையும் ஆராய்கிறது. கதவு திறந்து, வட்டமடித்து, நல்லபடியாக இறங்கியது இரண்டிலும் சேராது. மாணவருக்கோ வெட்கம். தாழ்ப்பாளை மறந்தேன் என்று யார் சொல்லிக்கொள்வார்? டவரிடம்கூடக் காரணத்தைச் சொல்லாமல், திரும்பி இறங்குகிறேன் என்று மட்டும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது என்று இரண்டு சொல் சொன்னால், பின்னால் வரும் விமானத்தைத் தள்ளி நிறுத்தி அவருக்கு இடம் கொடுக்கலாம். தேவைப்பட்டால் பான்-பான் என்ற அழைப்பும் இருக்கிறது. உயிராபத்து இல்லாத அவசரத்துக்கென்றே உள்ளது அது. அதைப் பயன்படுத்துவது அவமானம் என்ற எண்ணம் மன்றங்களின் தேநீர் மேசைகளிலிருந்து போனால்தான் பயிற்றுநர்களுக்கே இது எத்தனை முறை நடக்கிறது என்று தெரியவரும்.

கற்பிக்கும் முறை பற்றி ஒன்று. பல இடங்களில் இந்தப் பாடம் வாய்ப்பேச்சோடு முடிகிறது: கதவு திறந்தால் பயப்படாதே, ஓட்டு. கேட்ட மாணவர் தலையாட்டுகிறார். ஆனால் சத்தம்தானே மனிதரைக் கலைக்கிறது. சத்தத்தைப் பேச்சால் கற்றுத்தர முடியாது. சில பயிற்றுநர்கள் இதற்கு மாற்றாக, மாணவருக்குத் தெரியாமல் புறப்படும்போதே மேல் தாழ்ப்பாளைத் தளர்த்திவிடுவார்கள். அதிர்ச்சி உண்மையானது, பாடம் மறக்காது என்பது அவர்கள் வாதம். எனக்கு இது உடன்பாடில்லை. தாழ்வான உயரத்தில் வேண்டுமென்றே ஒரு குழப்பத்தை உண்டாக்கி, அதில் மாணவர் சரியாக நடந்துகொள்வார் என்று பந்தயம் கட்டுவது அது. தரையில் நிறுத்தி, பிரேக்கை அழுத்தி, எஞ்சினை உயர்த்தி, கதவை விட்டுப் பார்க்கச் செய்தாலே இரைச்சலின் பாதி பழகிவிடும். அந்த இரைச்சலுக்கு நடுவே மாணவரை வேகத்தைப் படிக்கச் சொல்லலாம், டவருடன் பேசும் வார்த்தைகளைச் சொல்லச் சொல்லலாம். செலவு சில நிமிட எரிபொருள்.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது. "கதவை விடு, விமானத்தைப் பிடி" என்ற விதியை மாற்ற வேண்டியதில்லை. கதவு திறந்த அந்தப் பத்து நொடிக்கு அதைவிட நல்ல அறிவுரை கிடையாது. ஆனால் அதை முழுப் பாடம் என்று நினைப்பது தவறு. கதவு திறக்கும் முன் இருக்கும் ஐந்து நிமிடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை; ஜொகூரில் குற்றம் தொடங்குவதே அந்த ஐந்து நிமிடத்தில். தனியாகப் பறக்கும் மாணவரை அது மறந்துவிட்டது. நீண்ட ஓடுபாதைக்கும் தீவின் குட்டி ஓடுபாதைக்கும் ஒரே வாக்கியத்தைத் தருகிறது.

பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த வகுப்பிலிருந்து கதவை நீங்கள் சாத்தாதீர்கள், மாணவரைச் சாத்தச் சொல்லுங்கள், முதல் நாளிலிருந்தே. மற்றவர்களுக்கும் ஒன்று. மன்றத்தில் பறக்கும் நண்பர் யாராவது உங்களைக் கூட்டிப்போனால், வலது இருக்கையில் கதவுக்குப் பக்கத்தில் உட்காரப்போவது நீங்கள்தான். பட்டையைக் கட்டிய பிறகு, அதன் நுனி வெளியே தொங்கவில்லை என்று பாருங்கள். மேல் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது, எப்படித் திரும்பும் என்று அவரிடம் கேளுங்கள். வானில் அது திறந்துகொண்டால், அவர் சொல்லும்வரை கதவைத் தொடாமல் சும்மா இருங்கள்.